கிணற்றில் விடாத ஆமை

என் குளியலறை மூலையில் ஒரு நீல பிளாஸ்டிக் டப் இருக்கிறது. அதில் ஒருநாளும் நான் துணி ஊறவைத்ததில்லை. எண்பதுகளில் நாங்கள் தெலுங்கு பேசும் ஊரில், தார்நாகா குவார்ட்டர்ஸில் இருந்தபோது, சிங்கப்பூரிலிருந்து வந்த என் தம்பி ஒரு பச்சை ஆமைக்குட்டியைச் சோப்பு டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தான். கண்ணுக்குப் பின்னால் குங்குமம் தீற்றியதுபோல் சிவப்புக் கோடு. அழகுதான், யார் இல்லையென்றது? ஆனால் ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது. அதில் கறுப்பு ஆமைகள் இருந்தன. சொந்தக்காரர்களோடு இதுவும் கிடக்கட்டுமே என்றேன்.

என் கணவர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். எதையும் அடித்துச் சொல்லத் தெரியாத மனிதர். மழை வருமா, பிரமோஷன் வருமா, எது கேட்டாலும் "வந்தாலும் வரலாம்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப்போனார். தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஒரே கல்லில், உச்சிவெயில் விழும் கொஞ்ச நேரத்துக்காகக் கறுப்பு ஆமைகள் ஏறிக் கிடந்தன.

"இது வேகமா வளரும். தீனிக்கும் முந்தும், அந்தக் கல்லுக்கும் முந்தும். இது பரவுனா நம்ம ஊரு ஆமைக்கு ஆபத்து வந்தாலும் வரலாம்."

"வரும்னு சொல்லுங்க, இல்ல வராதுன்னு சொல்லுங்க."

"தெரியலையே. அதனாலதான் விட வேண்டாங்கறேன்."

கொஞ்ச நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் பாட்டுக்கு இந்த டப்பை வாங்கி வந்து, உள்ளே ஒரு செங்கல்லை வைத்து, வெயில் நகர நகர அதையும் நகர்த்திக்கொண்டிருந்தார். தெலுங்குப் பிள்ளைகளோடு விளையாடும் எங்கள் மகள் அதைத் 'தாபேலு' என்றாள். தெலுங்கில் ஆமை என்று அர்த்தம். அதுவே பெயராகிவிட்டது. அது தட்டு அளவுக்கு வளர்வதற்குள் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

பல வருஷம் கழித்து, நெஞ்சுவலி என்று அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றியபோது, "தாபேலுக்குத் தண்ணி மாத்திடு" என்றார். சாயங்காலம் வந்துவிடுவீர்கள்தானே என்று கேட்டேன். எனக்காகவாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "வந்தாலும் வரலாம்" என்று சிரித்தார். வரவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் டப்பைப் பார்த்துவிட்டு அந்தப் பழமொழியைத்தான் சொன்னார்கள். நான் குளியலறைக் கதவைச் சாத்தினேன்.

போன மாதம் மகள் ஒரு பூங்காவுக்கு அழைத்துப்போனாள். குளத்தில் இருந்த கல்லெல்லாம் சிவப்புக் கோட்டு ஆமைகள். வீட்டில் வளர்த்து அலுத்தவர்கள் கொண்டுவந்து விட்டவையாம். கறுப்பு ஆமை ஒன்றாவது தெரிகிறதா என்று நெடுநேரம் தேடினேன். காணோம்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் மாற்றினேன். டப்பை வெயிலுக்கு இழுத்துவிட்டு, அவரிடம் சொன்னேன்: "அதுல ஒண்ணுகூட நம்ம வீட்டுலேருந்து போனது இல்லைங்க."