அடி விழுந்தது என் மகள் மேல்தான்

நான் திண்டிவனத்தில் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். என் மகள் சுமதி போன வருஷம் திடீரென்று ஓயாமல் கை கழுவ ஆரம்பித்தாள். தோல் வெடித்து ரத்தம் வந்தும் நிறுத்தவில்லை.

கோலியனூரில் இருக்கும் என் அக்கா, "பொண்ணை எதுவோ புடிச்சிக்கினு இருக்குடா" என்று எங்களைப் பூசாரியிடம் கூட்டிப்போனாள்.

"உன்னை இல்லம்மா, உள்ள இருக்கிறதைத்தான் அடிக்கிறேன்" என்று சொல்லிப் பூசாரி பிரம்பை வீசினான். வீங்கியது என் மகளின் முதுகு. பிரம்பைப் பிடுங்கி முறித்துப் போட்டேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மறுநாள் விழுப்புரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே பேசி வைத்தியம் பார்க்கும் அம்மா என்னைக் கேட்கவில்லை, சுமதியைக் கேட்டார்.

"உன்னைக் கழுவச் சொல்லுதே ஒரு நெனப்பு, அதுக்கு நீயே ஒரு பேர் வையேன்."

"கண்டக்டர். விசில் ஊதி ஊதி வெரட்டிக்கினே இருக்கு."

"அது ஊதியும் நீ கேக்காத நேரம் உண்டா?"

சுமதி யோசித்தாள். "மல்லாட்டை உரிக்கும்போது கேக்க மாட்டேன்." வேர்க்கடலையைத்தான் சொன்னாள்.

அப்படி விசிலைக் கேட்காத நேரத்தை எப்படிக் கூட்டுவது என்று இருவரும் வாராவாரம் பேசினார்கள். கழுவுவது குறைந்தது. கைப்புண் ஆறியது.

போன வாரம் அக்கா வந்து, "பைத்தியம் தெளிஞ்சிச்சா?" என்றாள்.

"இங்க பைத்தியம் யாரும் இல்ல. அப்படிப் பேசறதுன்னா இப்பவே கெளம்பு" என்றேன். சாப்பிடாமலே பஸ் ஏறினாள். நான் தடுக்கவில்லை.

இப்போதெல்லாம் சுமதிக்கு எது என்றாலும் சுமதியைத்தான் முதலில் கேட்கிறேன்.

– ம. ஏழுமலை, திண்டிவனம்