தீவுக்குப் போனவரை சைக்கிளில் ஏற்றினேன்

1987-ல், இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் சாலை மறியல் நடந்த வாரம் அது. எலவனாசூர்கோட்டைக்கு அருகே புளியமரத்தை வெட்டி ரோட்டில் சாய்த்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். பி.ஏ. முடித்து வேலையில்லாமல் இருந்தேன். நாங்கள் கேட்டது நியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

காலை பத்து மணி இருக்கும். தலையில் தகரப் பெட்டியோடு நாற்பது வயதுக்காரர் ஒருவர் நடந்து வந்தார். வடக்கனந்தல்காரர். பஸ் இல்லாததால் முந்தின நாளே கிளம்பியிருக்கிறார்.

"தம்பி, உளுந்தூர்பேட்டைக்கு எதனா வண்டி போவுதா? நாளைக்குக் காலையில மெட்ராஸ்ல கப்பல் ஏறணும்."

"இன்னாண்ணா, வடக்கனந்தல் ஏரியில வுடுற கப்பலா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. பெட்டியைத் திறந்து, அரசு முத்திரை போட்ட உத்தரவைக் காட்டினார். அந்தமானுக்கும் அப்பால் ஒரு தீவு. அங்கே கலங்கரை விளக்கத்தில் வேலை.

"இந்தக் கப்பல வுட்டா அடுத்தது ஒரு மாசம் ஆவும். அங்க ஒருத்தரு காய்ச்சலோட, தனியா வெளக்கப் பாத்துக்கினு இருக்காரு."

சைக்கிளை எடுத்தேன். எங்கள் கூட்டத்தில் மூத்தவர் தடுத்தார். "ஒருத்தருக்கு வழி வுட்டா எல்லாரும் வருவாங்கடா."

"ரோட்ட வுடலண்ணா. வரப்புலதான் போறேன்."

உண்மையைச் சொல்வதென்றால், இரக்கம் பாதிதான். கடலையே பார்த்திராத எனக்குக் கதை கேட்கும் ஆசை மீதி. வாய்க்கால் கரையில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டே கேள்வி மேல் கேள்வி கேட்டேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் சலிக்காமல் சொன்னார்.

வெள்ளைக்காரன் காலத்தில் அந்தத் தீவின் பாறையில் மோதி உடைந்த கப்பல்கள் ஏராளமாம். அதன் பிறகுதான் கலங்கரை விளக்கம் கட்டினார்களாம். படகு ஒதுங்க இடமில்லாத கரை. ஒவ்வொரு கல்லையும் கயிறு கட்டி மேலே இழுத்தார்களாம். மேலே விளக்கொளியைக் கடலுக்கு வீசும் கண்ணாடி ஆள் உயரம், டன் கணக்கில் எடை. பாதரசத்தில் மிதப்பதால் ஒரு விரலால் தள்ளினாலே சுற்றுமாம். ஒருமுறை இயந்திரம் பழுதானபோது, விளக்குக் காவலர் இருவர் மாறி மாறி ஒரு வாரம் அதைக் கையாலேயே சுற்றினார்களாம்.

"எதுக்கு அவ்ளோ பாடு? ஒருநாள் நிறுத்துனா இன்னா?"

"அந்த ஒருநாள் எந்தக் கப்பல் வருதுன்னு நமக்குத் தெரியாதே தம்பி."

உளுந்தூர்பேட்டைக்கு நான்கு மைல் இருக்கும்போது வேறொரு மறியல் கூட்டம் எங்களைச் சூழ்ந்தது. நானும் மறியல்காரன்தான் என்றேன், நம்பவில்லை. டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டு, "நடந்து போங்கடா" என்று விரட்டினார்கள். அன்று காலையில் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பெட்டியை சைக்கிள் மேல் வைத்து, வெயிலில் தள்ளிக்கொண்டே போனோம். உளுந்தூர்பேட்டையிலிருந்து போலீஸ் காவலோடு சென்னைக்குக் கிளம்பிய கடைசி லாரியில் அவர் தொற்றி ஏறினார். அவசரத்தில் என் விலாசத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. தீவில் இருந்தவர் எழுந்து நிற்கவும் முடியாத நிலையில், மாடிப்படியிலேயே படுத்துக் கிடந்தாராம். அதே கப்பலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்களாம். விளக்கு மட்டும் ஒருநாள்கூட அணையவில்லையாம்.

அதற்குப் பிறகும் எத்தனையோ போராட்டங்களில் நின்றிருக்கிறேன். ஆனால் வழியில் ஒருவரை நிறுத்தினால், அவர் போய்ச் சேருகிற இடத்தில் யார் காத்திருக்கிறார் என்று கேட்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.