கங்காணியின் கோரைப்பல்

குஞ்சம்மாவுக்கு வாய் நீளம் என்று மலாயாவில் சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், கூலிக்காரர் குடியிருந்த லயம் முழுக்கச் சொல்வார்கள். நீளாமல் என்ன செய்யும்? நாலு வருஷமாக அவளை "ஓடிப்போனவன் பொண்டாட்டி" என்றுதானே கூப்பிட்டார்கள்!

அவள் புருஷன் அங்கமுத்து பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுக்கிறவன். ஒருநாள் காலையில் கங்காணி இருளாண்டியோடு தோட்டத்து எல்லையில் தண்ணீர் ஓடும் கானைப் பார்க்கப் போனான். திரும்பி வந்தது கங்காணி மட்டும். "என்னைய விட்டுட்டு ஓடினான். பின்னாடியே போனேன். புலாவ் செபாங் ரயிலடியில எவளோ ஒருத்தியோட ரயிலேறிட்டான்" என்றவன், மாரியம்மன் கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியமும் செய்தான். சூடத்தை அணைத்த பிறகு யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். படுபாவி, அது தெரிந்துதான் அணைத்தான்.

1933-இல் அந்தக் கானைத் தூர் வாரியபோது மனுஷத் தாடை ஒன்று மண்வெட்டியில் தட்டுப்பட்டது. மற்ற எலும்பையெல்லாம் காட்டுப்பன்றி இழுத்துப் போயிருக்க வேண்டும். முன்வரிசையில் ஒரு பல் இன்னொன்றின் மேல் ஏறி நின்றது. குஞ்சம்மா பார்த்தாள், அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பல்லைச் சொல்லித்தான் புருஷனை நாளெல்லாம் கேலி செய்வாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் சாமிக்கண்ணு கட்டுப் போடுகிறவர்தான். ஆனால் கையில் ஒரு சீமைப் புத்தகம் இருந்ததால் தன்னை டாக்டராகவே நினைத்திருந்தார். தாடையின் கோரைப்பல்லை இடுக்கிபோன்ற ஓர் அளவுகோலால் அளந்து, புத்தகத்தைப் புரட்டினார்.

"ஆம்பளைக்குப் பல்லு பெரிசு, பொம்பளைக்குச் சின்னது. இது பொம்பளை" என்று முடித்துவிட்டார்.

"கேட்டியா? கோணப்பல்லு உன் புருஷனுக்கு மட்டும்தானா இருக்கு? போய் வேலையைப் பாருலா" என்றான் கங்காணி. அவன் முகத்தில் வந்த தெளிச்சியைப் பார்த்துவிட்டு, குஞ்சம்மா டிரஸர் பக்கம் திரும்பினாள்.

"டிரஸரையா, அந்தப் புத்தகத்துல யாரு பல்லை அளந்து எழுதியிருக்கு?"

"வெள்ளைக்காரங்க பல்லை. அதுக்கென்ன இப்போ?"

மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களெல்லாம் பேர் கொடுக்க வரிசையில் நின்றபோது, குஞ்சம்மா நேரே தோட்டத்து வெள்ளைக்காரத் துரை முன்னால் போய் நின்றாள்.

"தொரை, அந்தத் தாடையைப் பொம்பளைன்னு சொன்ன அதே வெள்ளைக்காரங்க பல்லுப் புத்தகத்தை வச்சு இந்தக் கங்காணி பல்லையும் அளக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் நான் வாயைத் திறந்தா ஏன்னு கேளுங்க."

துரைக்கு அது வேடிக்கையாக இருந்தது. தலையை ஆட்டினார். துரை சொல்லிவிட்டால் தட்ட முடியுமா? வெற்றிலைக் காவி ஏறிய வாயைக் கங்காணி திறந்தான். டிரஸர் ஒரு தடவை அளந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை அளந்தார்.

"சொல்லுங்கய்யா."

"அந்தத் தாடையில இருக்கிறதை விடச் சின்னது."

"புத்தகப்படி?"

"பொம்பளை" என்றார் டிரஸர், தரையைப் பார்த்துக்கொண்டு.

பெரட்டுக்களமே கொல்லென்று சிரித்தது. கங்காணி பிரம்பை ஓங்கினான். குஞ்சம்மா ஓரடி கூடப் பின்வாங்கவில்லை.

"அடிடா! நீ பொம்பளைன்னா அதுவும் பொம்பளையா இருந்துட்டுப் போவட்டும். நீ ஆம்பளைன்னா அது என் புருஷன். சூடத்தை அணைச்சியே, அவரை எந்த ரயில்லடா ஏத்திவிட்டே?"

சிரிப்பு நின்றுவிட்டது. ஓங்கிய பிரம்பு தானாகக் கீழே இறங்கியது. துரை போலீசுக்கு ஆள் அனுப்பச் சொன்னார்.

குஞ்சம்மா குனிந்து, கங்காணியின் காலடியிலேயே தன் கைவளையல்களை அடித்து உடைத்தாள். ஓடிப்போனவனுக்காக அழக்கூடாது என்று நாலு வருஷம் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.