கேபிள்காரர் போட்ட கடிகாரம்

காத்திருப்பது என்றால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். பஸ் பத்து நிமிடம் தாமதமானால்கூட ஓரிடத்தில் நிற்க மாட்டேன். என்னை இப்படி ஆக்கிய புண்ணியம் எங்கள் ஊர்க் கேபிள்காரரையே சேரும்.

எங்கள் ஊர் செந்துறைக்குப் பக்கம். கேபிள்காரர் தன் வீட்டு மாடியறையில் வீடியோ டெக் வைத்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊருக்கெல்லாம் ஒரு படம் போடுவார். அவருடைய கூட்டாளி ஒருவர் லண்டனிலிருந்து பழைய கேசட் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அந்த நாட்டு டிவிக்காரர்கள் எதைப் பதிவு செய்தாலும் முன்னால் ஒரு கடிகாரத்தை ஓடவிடுவார்களாம். கறுப்புத் திரையில் வட்டமாக வெள்ளைக் கோடுகள், ஒற்றை முள். முள் சுற்றிவந்து உச்சியைத் தொடக் கொஞ்சம் இருக்கும்போதே திரை இருண்டுவிடும். அப்புறம்தான் நிகழ்ச்சி. அதில் கோட்டுப் போட்டவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள், ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை. கடிகாரம் மட்டும் ஊருக்கே பிடித்துப்போனது. கேபிள்காரர் அதைத் தனியே எடுத்து, ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் போட ஆரம்பித்தார். "கடிகாரம் ஓடுதுடி!" என்று யாராவது கத்தினால் போதும், அடுப்பை அணைத்துவிட்டு, மாட்டை அப்படியே விட்டுவிட்டு, ஆளாளுக்கு டிவி இருக்கிற வீட்டுக்குள் பாய்வார்கள். தெருவில் ஈ காக்கை இருக்காது.

அந்த வருடம்தான் அப்பாவின் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, ஆண்டிமடத்தில் மாப்பிள்ளை முடிவானது. முந்திரிக்காடு உள்ள இடம். அத்தையோ, கட்டினால் கேபிள்காரரைத்தான் கட்டுவேன் என்றாள். "அந்தப் பய இந்த வூட்டு வாசப்படிய மிதிச்சா கால ஒடச்சிடுவேன்" என்றார் அப்பா. நிச்சயம் முடிந்ததும் அவளை வாசலுக்குக்கூட விடவில்லை. பங்காளிகள் காவல் மாதிரி எந்நேரமும் தெருவிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கல்யாண நாள் நெருங்க நெருங்க அத்தை சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கல்யாணத்துக்கு எனக்குப் பட்டுப்பாவாடை தைத்தாகிவிட்டதால் நான் அப்பா கட்சியில் இருந்தேன்.

ஒரு புதன்கிழமை மத்தியானம், யாரும் எதிர்பாராத நேரத்தில், கடிகாரம் ஓடியது. புதன்கிழமையில் படமா! தெருவில் இருந்த பங்காளிகள் அத்தனை பேரும் எங்கள் கூடத்துக்குள் வந்து அடைந்தார்கள். அப்பா கயிற்றுக் கட்டிலை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டார். அவருக்குக் கேபிள்காரரோடுதான் பகை, அவர் போடும் படத்தோடு இல்லை.

முள் சுற்றி வந்தது. திரை இருண்டது. படம் வரவில்லை. மறுபடியும் கடிகாரம்.

அத்தை எழுந்தாள். "கொல்லைக்குப் போயிட்டு வரேன் அண்ணி."

"போயிட்டு வாம்மா" என்று அம்மா அவள் கன்னத்தைத் தடவினாள். கொல்லைக்குப் போகிறவளுக்கு இவ்வளவு செல்லம் எதற்கு என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

"சீக்கிரம் வா அத்த, படம் போட்டுடுவாங்க!"

அவள் சிரித்துவிட்டுப் போனாள்.

கடிகாரம் ஓடியது, இருண்டது, திரும்ப ஓடியது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்கப் போகலாமென்றால், போன நேரம் பார்த்துப் படம் ஆரம்பித்துவிட்டால்? "இந்தா வந்துரும்" என்றார் சித்தப்பா. "என்ன எழவுடா இது" என்றார் அப்பா. திட்டினார்களே தவிர ஒருவரும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அத்தையைக் கூட்டிவர எழுந்தேன். அம்மா வெடுக்கென்று கையைப் பிடித்து என்னை மடியில் அமுக்கிக்கொண்டாள். "பேசாம பாரு." கை வலித்தது. ரோட்டில் அரியலூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பிப் போனது. அதற்கப்புறம்தான் என்னை விட்டாள்.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் அப்பா கேபிள்காரரின் மாடியறைக்கே போய்விட்டார். அங்கே ஆள் இல்லை. கேசட் முழுக்கக் கடிகாரத்தையே திரும்பத் திரும்பப் பதிந்து ஓடவிட்டுப் போயிருந்தார். அப்பா கத்திக்கொண்டே ஓடிவந்து கொல்லையைப் பார்த்தார். பிறகு ஒரே கூச்சல். பங்காளிகள் ஆளுக்கொரு சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார்கள்.

கூடத்தில் நானும் அம்மாவும்தான் மிச்சம். டிவியில் முள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நடுவில் சிரிப்பு வேறு வந்தது. படம் போடாவிட்டால் பெரியவர்களுக்கும் இத்தனை ஏமாற்றமா என்று எனக்கு ரொம்பப் பாவமாகிவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

"அழாதம்மா, ஞாயித்துக்கிழம கண்டிப்பா போடுவாங்க."