பபூனுக்குக் கொடுத்த பழம்

கிள்ளானிலிருந்து பத்துமலை முருகன் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் படியிலிருக்கும் குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுப்பேன். அது புண்ணியம் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருடம் கணவரோடு ஆப்பிரிக்காவில் ஒரு சிறிய தேசியப் பூங்காவுக்குப் போனேன். யானை பார்க்கத்தான் ஆசை. அது கண்ணில் படவேயில்லை. ஆனால் விடுதி வாசலில் தினமும் ஒரு பபூன் குரங்கு, வயிற்றைக் கட்டிக்கொண்ட குட்டியோடு வந்து உட்காரும்.

“குடுக்காத லா, போர்டு போட்டிருக்கான்ல,” என்றார் கணவர்.

“ஒரு பழம்தானே! ஆஞ்சநேயருக்குக் குடுக்கிற மாதிரி.”

மூன்று நாள் கொடுத்தேன். அது என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு அதைக் கும்பிடக்கூடச் செய்தேன்.

நான்காம் நாள் காலை அது சாப்பாட்டுக்கூடத்துக்குள் வந்து, ஒரு சிறுமியின் கையிலிருந்த பழத்தைப் பிடுங்கியது. பல் பட்டு அவள் விரல் கிழிந்தது. வனக்காவலர் குரங்கைச் சுட்டுவிட்டார்.

“மனிதர் கையில் தின்று பழகிவிட்டால் வேறு வழியில்லை. யார் கொடுத்தது?” என்று எல்லோரையும் ஆங்கிலத்தில் கேட்டார். கணவர் தரையைப் பார்த்தார். நான் வாயே திறக்கவில்லை. குட்டி, செத்த தாயின் வயிற்றை விடவேயில்லை.

சென்ற வாரம் பத்துமலைக்குப் போனேன். பழம் வாங்கவில்லை. பாதிப் படியில் ஒரு தாய்க்குரங்கு என் பையைப் பிடித்து இழுத்தது. “ஒண்ணுமில்ல, போ,” என்று பையை விரித்துக் காட்டினேன். அது நம்பவில்லை, எத்தனை வருடம் கொடுத்த கை இது! குட்டியோடு, மேலே கோயில் வரைக்கும் என் பின்னாலேயே வந்தது.