தையல் மெஷினில் பூட்டிய கித்தார்

பெரம்பலூரில் கேக் வாங்கப் போன இடத்தில் என் கால் சத்தத்தைக் கேட்டேன்.

சிரிக்காதீர்கள். டிசம்பர் மாதத்து பேக்கரி. வெண்ணெயும் முட்டையும் வேகும் வாசனை. கண்ணாடிப் பெட்டிக்கு மேலே பஞ்சு ஒட்டிய நட்சத்திரம். ஸ்பீக்கரில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு, பாடுகிறவர் யாரும் இல்லாமல் வெறும் கித்தார் இசையாக ஓடிக்கொண்டிருந்தது. நீளமான சுரம் ஒவ்வொன்றும் எழும்புவதற்குச் சற்று முன்னால் ஒரு சின்னக் கிறீச். நான் நெற்றியைச் சுருக்கியதைப் பார்த்துவிட்டுக் கல்லாவில் இருந்தவர், "ஸ்பீக்கர்ல ஏதோ கோளாறுங்க மேடம்," என்றார்.

"ஸ்பீக்கர்ல இல்லங்க. மிதிக்கு எண்ணெ விடணும்," என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

மெஷின் எண்ணெய்க்கென்று ஒரு வாசனை உண்டு. வாசனை என்று கூடச் சொல்ல முடியாது, வாசனை கழுவிப்போன ஒரு சில்லிப்பு. அரியலூரில் எங்கள் வீடு முழுக்க அதுதான். அம்மா தைத்தாள். பள்ளிக்கூடம் முடிந்ததும் நானும் அவள் பக்கத்தில் இன்னொரு மெஷினில் உட்கார்ந்தேன். கிறிஸ்துமஸ் நெருங்கினால் வெள்ளை கவுன்களாக வந்து குவியும். வெளியே சுண்ணாம்புக்கல் லாரி போகும்போதெல்லாம் தூள் வந்து துணிமேல் படியும். வெள்ளைமேல் வெள்ளைதானே என்று விட முடியாது, தெரிந்துவிடும். அதை ஊதி ஊதியே எனக்கு மூச்சு நீண்டது என்று அண்ணன் கேலி செய்வான். மூச்சு நீண்டு என்ன? எனக்குப் பாட வராது. மாதா கோயில் பாடகர் குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டதே கித்தாருக்காகத்தான்.

அந்தக் கித்தார் மாமாவுடையது. திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்தவர். மடியில் படுக்கவைத்து வாசிக்கிற ஹவாயன் கித்தார்: ஒரு கையால் மீட்டவேண்டும், மறு கையில் இரும்புத் துண்டைப் பிடித்துக் கம்பிகள்மேல் வழுக்கவேண்டும். துபாய்க்குப் போகும்போது எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அங்கே போய் ஏசி மெக்கானிக் ஆனார், கித்தாரைக் கேட்கவே இல்லை. அது என் மடிக்கு வந்துவிட்டது.

ஒரு வருடம் பங்குச் சாமியார் வெளிநாட்டுக் கேசட் ஒன்றைக் கொடுத்தார். முழுக்கக் கிறிஸ்துமஸ் பாட்டுகள், கித்தாரில். அட்டையில் ஒரு வெள்ளைக்காரர் மேசைபோல ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் கம்பிகள், அடியில் மிதிகள், மிதிமேல் அவர் கால். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"பாவம், இந்தாளும் டெய்லர்தான்," என்றாள்.

கேசட்டைப் போட்டோம். நின்ற இடத்தில் நின்றபடியே ஒரு சுரம் உருகி மேலே ஏறியது. பக்கத்தில் இன்னொன்று அசையாமல் நின்றது. உச்சிவெயில் நேரம்தான், ஆனாலும் வீட்டுக்குள் பனி இறங்கிய மாதிரி இருந்தது எனக்கு. "இது எப்படிண்ணே?" என்றேன். அண்ணன் சைக்கிள் கடை வைத்திருந்தவன், அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மிதிச்சா கம்பி இறுகுது, வுட்டா எறங்குது. பிரேக்குதான் இது. நம்மகிட்ட இல்லாத மிதியா?"

வீணாய்ப்போன பழைய மெஷினைக் கழற்றிவிட்டு அதன் இரும்பு ஸ்டாண்டில் கித்தாரைப் பூட்டினான். கம்பியின் நுனியிலிருந்து மிதிவரை சைக்கிள் பிரேக் வயர். அதில்தான் அந்தக் கிறீச். எத்தனை எண்ணெய் விட்டாலும் போகவில்லை. "சைக்கிளா இருந்தா சரி பண்ணிடுவேன். இது சாமி விஷயம்," என்று கைவிட்டான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்துச் சாயங்காலங்களில் டிராக்டர் பெட்டியில் ஸ்டாண்டை ஏற்றிக் கயிற்றால் கட்டுவார்கள். சுற்றிலும் பாடுகிறவர்கள். பக்கத்தில் கீபோர்டுடன் ஸ்டெல்லா. அவள் ஒன்றாம் வகுப்பிலிருந்து என் தோழி, என் டிபன் பாக்ஸைத் தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருந்தவள். அரியலூர்த் தெருக்களில் மார்கழிக் கோலத்துப் பூசணிப்பூக்கள் வாடிக் கிடக்கும். சக்கரம் ஏறிவிடாமல் டிரைவர் ஒதுக்கி ஓட்டுவார். திருமானூர்ப் பக்கம் போனால் கரும்பு வாடை. பாலன் இயேசுவுக்கான தாலாட்டை எடுப்பேன். கை வழுக்கும், கால் மிதிக்கும், சுரம் எழுந்து நிற்கும். காலை எடுக்கும்போது அது இறங்குவது இருக்கிறதே, தூங்கிவிட்ட குழந்தையைத் தோளிலிருந்து பாயில் இறக்குவது மாதிரி. கோயிலுக்குப் போகிற பெண்கள் அர்ச்சனைத் தட்டோடு நின்று கேட்பார்கள். "தைக்கிற மெஷின்ல பாட்டு வருதுடி!" என்று ஒருத்தி கத்தினாள். இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இன்றுவரை வரவில்லை. கல்யாணம் ஆகாத, பாட வராத தையல்காரிக்கு ஊரில் ஓர் இடம் இருந்தது என்றால், அந்த டிராக்டர் பெட்டியில்தான் இருந்தது.

ஸ்டெல்லா கல்யாணமாகிப் பெரம்பலூர் போனாள். அவள் வீட்டுக்காரர் அங்கே பாட்டுப் பதிவு செய்யும் கூடம் வைத்திருந்தார். ஒரு நவம்பரில் ஆள் அனுப்பி, ஸ்டாண்டோடு என்னை வரச் சொன்னாள். அறைச் சுவரெல்லாம் மெத்தை ஒட்டியிருந்தது.

"ஒவ்வொரு சுரமா வாசிடி. பாட்டு வேணாம். தனித்தனியா."

"எதுக்கு?"

"ஒஞ் சத்தத்தப் பத்திரமா வைக்கத்தான். நாளைக்கு நீயும் நானும் கெழவியானா கேக்க வேணாமா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உலகத்தில் எந்த முட்டாளும் அன்று என்னைப்போல் கவனமாக உழைத்திருக்க மாட்டாள். கீழ்ச்சுரத்திலிருந்து மேல்வரை ஒவ்வொன்றாக வாசித்தேன். மிதித்து ஒரு தடவை, மிதிக்காமல் ஒரு தடவை, மெதுவாக ஒரு தடவை, அழுத்தி ஒரு தடவை. சரியாக விழாததை நானே கேட்டுத் திரும்ப வாசித்தேன். மெதுவடையும் டீயும் வந்தன. கிளம்பும்போது அவள் கட்டிக்கொண்டாள். அந்தக் கட்டிக்கொள்ளல் பொய் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் ஆறவில்லை.

அந்த டிசம்பரில் நானும் அண்ணனும் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு மாதா கோயில் வாசலுக்குப் போனால் டிராக்டர் இல்லை. ஒரு லோடு ஆட்டோ நின்றது. அதில் பெரம்பலூரிலிருந்து வந்திருந்த ஸ்டெல்லா, புதுக் கீபோர்டு, இரண்டு ஸ்பீக்கர், பாடுகிறவர்களில் பாதிப் பேர்.

"எடம் இல்லடி. ஸ்டாண்ட வூட்ல வுட்டுட்டு நீ மட்டும் வா."

"நான் மட்டும் வந்து என்ன பண்றது?"

"கை தட்டு."

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவள் கீபோர்டில் விரலை வைத்தாள். பாலனுக்கான தாலாட்டு. என் வழுக்கல், என் ஏற்றம், என் இறக்கம். எனக்குப் புரிவதற்கு முன்னால் அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. "அடிப்பாவி, நம்ம மிதி கிறீச்சுடுது பாரு," என்றான்.

நான் கேட்டேன், "ஏண்டி ஸ்டெல்லா?"

அவள் வாசிப்பதை நிறுத்தவில்லை. "ஒஞ் சத்தந்தானடி? சந்தோசப்படு. தூக்கிச் சொமக்கிற பாடு இல்ல பாரு."

ஆட்டோ கிளம்பியது. நாங்கள் இருவரும் ஸ்டாண்டை இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். அண்ணன் வழியெல்லாம் திட்டினான். எனக்குத் திட்டக்கூட வரவில்லை. திருடியிருந்தால் திருடி என்று கத்தலாம். அவள் கீபோர்டின் கட்டைகளுக்குள் ஏற்றிக்கொள்ள நான் அல்லவா உட்கார்ந்து ஒவ்வொரு சுரமாக எடுத்துக் கொடுத்தேன், அதுவும் வடை தின்றுகொண்டு.

அடுத்த வருடம் திருமானூரில் ஒரு பள்ளிக்கூட விழாவுக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். வாசித்து முடித்ததும் ஒரு டீச்சர் ஆசையாக ஓடிவந்தார். "சூப்பருங்கக்கா! அசல் ஸ்டெல்லா மேடம் கீபோர்டு மாதிரியே இருந்துச்சு!" அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அன்றைக்குப் பிறகு மிதியில் கால் வைத்தால் அவளைப்போல வாசிக்க முயல்கிற ஒருத்தியின் வாசிப்புதான் எனக்கே கேட்டது. கித்தாரைக் கழற்றிவிட்டு ஸ்டாண்டில் வேறு மெஷினைப் பூட்டிக்கொண்டேன்.

ஒவ்வொரு வருடமும் அந்த ஆட்டோ எங்கள் தெருவுக்கு வரும். நான் கதவைத் திறக்கமாட்டேன். இந்த வருடம், பேக்கரியில் அதைக் கேட்டுவிட்டு வந்த பிறகு, திறந்தேன். பெட்டியில் ஸ்டெல்லாவும், கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடி போட்ட ஒருவரும் மட்டும். முன்னால் டிரைவர். ஸ்டெல்லாவுக்கு நரைத்துவிட்டது. எனக்கும்தான். முன்பின் தெரியாதவர் வீட்டில் கேட்பதுபோல, "என்ன பாட்டு வாசிக்கட்டுங்க?" என்று கேட்டாள். 'ங்க' போட்டுக் கேட்டாள்.

"வாசிக்க வேணாம். சும்மா வாயால பாடுங்க. கேட்டு ரொம்ப நாளாச்சு," என்றேன்.

அவள் முகமூடிக்காரரைப் பார்த்தாள். அவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர், "எனக்கெங்கம்மா பாட வரும்," என்று ஸ்டியரிங் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாடுறவங்க எல்லாம் எங்க?" என்று கேட்டேன்.

அவள் என்னை நேராகப் பார்க்கவில்லை. கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினாள். ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளிருந்து எல்லாரும் பாடினார்கள்.