சின்னக் கைக்கும் அடங்கும் ரவை

என் மகள் தன் தகப்பனோடு முதன்முதலாக வாய் திறந்து கதைத்த அன்று நான் ஏன் அழுதேன்? சந்தோஷத்தில் என்று கணவர் நினைத்தார். எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர் டென்மார்க்குக்கு வந்துவிட்டார். பிறகு எங்களை அழைக்க விண்ணப்பித்தார். எங்களைப் போன்ற குடும்பங்களின் விண்ணப்பங்கள் இந்த நாட்டு அமைச்சில் கிடப்பில் போடப்பட்டிருந்த காலம் அது. அது பிழையா என்று இப்போது விசாரணை நடக்கிறது. நடக்கட்டும். அந்த ஆண்டுகளில் நாங்கள் யாழ்ப்பாணத்தில் ஷெல்லுக்குப் பயந்து பங்கர்க் குழிக்குள் கிடந்தோம். இங்கே விபோர்க் நகருக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு ஆறு வயது. தகப்பனை "அந்த மாமா" என்றாள், அதுவும் என்னிடம் மட்டும். அவர் எது கேட்டாலும் தலையாட்டுவாள். அவர் பொம்மை வாங்கிப் பார்த்தார். தலை பின்னிவிடப் பழகினார். ஒன்றும் பலிக்கவில்லை.

அவர் தொழிற்சாலையில் இரும்பு கடைபவர். அங்கே கூட வேலை செய்யும் ஒரு டேனிஷ்காரர் துப்பாக்கி சுடும் சங்கமொன்றில் இருக்கிறார். இங்கே பந்தடிக்கப் போவதுபோல இதற்கும் போகிறார்கள். அந்த டேனிஷ்காரர் கொடுத்த ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றைக் கணவர் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் வைத்து என்னை வாசிக்கச் சொன்னார்.

புதிதாக வந்த ஒரு கைத்துப்பாக்கி ரவை பற்றிய கட்டுரை. முன்பிருந்த ரவை நீளம்; அதற்குப் பருத்த பிடியுள்ள துப்பாக்கி வேண்டும். இப்போது பித்தளைக் கோதைக் கட்டையாக்கி, உள்ளே வெடிமருந்தைக் குறைத்து, சிறிய துப்பாக்கிக்குள் அடங்கச் செய்திருக்கிறார்கள். படித்த புத்தி, ஒரு சொல் விடாமல் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். சிறிய கை உள்ளவர்களும் பிடிக்கலாம் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். துப்பாக்கியோடு எங்கள் ஒழுங்கையால் போன இயக்கத்துப் பிள்ளைகளின் சின்ன மணிக்கட்டுகள் ஞாபகம் வந்தன.

மகள் எட்டிப் படத்தைப் பார்த்தாள்.

"இதைவிட நீட்டு எங்கடை வளவுக்குள்ளை கிடந்தது," என்றாள். என்னிடம் அல்ல, அவரிடம்.

"பிள்ளை பொறுக்கினனீங்களோ?"

"ஓம். உடனை எடுக்கக் கூடாது, சுடும். அம்மாவுக்குத் தெரியாது."

வெறுங்கோதுகளைப் பால்மாத் தகரப் பேணியில் சேர்த்து, பங்கர் வாசலில் மண்ணுக்குள் தாட்டு வைத்த கதையை நெடுநேரம் சொன்னாள். பகலும் இரவும் அவளோடு இருந்தவள் நான். எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

அதன்பிறகு பின்னேரங்களில் இருவரும் சேர்ந்திருந்து ரவைகளை வரைகிறார்கள். "அப்பா, இண்டைக்கு எது?" என்று கேட்கிறாள். ஓம், அப்பா என்றுதான் சொல்கிறாள்.

கோடை விடுமுறை முடிந்ததும் அந்தச் சங்கத்துக்கு அவளைக் கூட்டிப்போக அவருக்கு ஆசை. இங்கே சின்னப் பிள்ளைகளும் காற்றுத் துப்பாக்கியால் கடதாசிக்குத்தான் சுடுவார்களாம். அது வெறும் விளையாட்டாம். அது அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

அவர் அவள் வரைந்த தாளை எடுத்துப் பார்த்தார்.

"அவள் என்னோடை கதைக்க வேறை என்ன கிடக்கு?" என்றார்.

அதைவிட நல்லதாக ஒன்றும் நாங்கள் அவளுக்குக் கொடுக்கவில்லைத்தானே.

இப்படிப் பிள்ளைகளோடு வந்து சேர்ந்த தாய்மார் இதை வாசித்தால், தயவுசெய்து எழுதுங்கள். போக விடட்டுமா, மறிக்கட்டுமா? மறித்து, அவர் மறுபடியும் "அந்த மாமா" ஆகிவிட்டால் நான் என்ன செய்ய?